பார்க்கிற கண்ணும் கூட வருகிற கண்ணும்

கடத்தூர்ப் பக்கத்தில் சாலம்மாள் குறி பார்க்கிறாள் என்று ஒரு பேச்சு கிளம்பியதற்கு முழுக் காரணம் அவள் புருஷன் கிருஷ்ணப்பன்தான். ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டம்மாவைக் காணோமே என்று டீக்கடையில் யாரோ கேட்டிருக்கிறார்கள். தக்காளிக்கு மருந்து அடித்துவிட்டு வந்த களைப்பில் அவர், "அது குறி பாக்கப் போயிடுதுங்க" என்று சொல்லிவிட்டு டீயை உறிஞ்சியிருக்கிறார். அவர் சொன்னது துப்பாக்கிக் குறியை. கேட்டவர்கள் எடுத்துக்கொண்டது சாமி வந்து சொல்கிற குறியை. அடுத்த வாரமே பக்கத்துத் தெரு ராமக்காள் வெற்றிலை, பாக்கு, எலுமிச்சம்பழத்தோடு வாசலில் வந்து நின்றாள். நாலு நாளாகக் காணாமல் போன சினைமாடு எந்தத் திக்கில் இருக்கிறது என்று சொல்ல வேண்டுமாம்.

"அக்கா, அது வேற குறிங்க. நான் சுடப் போறேன்" என்றாள் சாலம்மாள்.

ராமக்காள் நம்பவில்லை. சொல்ல மனமில்லாமல் மழுப்புகிறாள் என்று நினைத்து, வெற்றிலையை வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் மாடு தானாக வந்து கட்டுத்தறியில் நின்றது. அதற்குப் பிறகு சாலம்மாளை அந்தப் பேரிலிருந்து மீட்க யாராலும் முடியவில்லை.

சாலம்மாளுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளர் வேலை. இருபத்தெட்டு வருஷமாக அதே வேலை. ஊரார் வாயில் அவள் கண்ணு டாக்டரம்மா. தான் டாக்டர் இல்லை என்று திருத்தித் திருத்தி அவளுக்கே அலுத்துவிட்டது. சித்தேரி, வத்தல்மலை என்று மலையூர்களுக்கு முகாம் போகும்போது பஸ்ஸிலிருந்து அவள் இறக்குவது மூன்றே சாமான்: கண்ணாடி வில்லைகள் அடுக்கிய பெட்டி, சுவரில் மாட்டுகிற எழுத்து அட்டை, ஒரு கறுப்புக் கரண்டி.

கரண்டி என்றால் குழம்புக் கரண்டி இல்லை. ஒரு கண்ணை மறைப்பதற்கான பிடி வைத்த மூடி. அதன் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை உண்டு, வேண்டும்போது திறந்துகொள்ளலாம். எழுத்து மங்கலாகத் தெரிகிறவருக்கு அந்தத் துளை வழியாகப் பார்த்ததும் பளிச்சென்று தெரிந்துவிட்டால், கண்ணாடி போட்டால் போதும். துளை வழியாகவும் தெரியாவிட்டால் கண்ணுக்கு உள்ளே ஏதோ கோளாறு; பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுத வேண்டியதுதான். இத்தனூண்டு துளை அவ்வளவு பெரிய தீர்ப்பைச் சொல்லிவிடும். சோதிப்பதற்கும் ஒரு முறை உண்டு. எப்போதும் வலது கண் முதலில். இடது கண்ணை மூடு, வலது கண்ணால் படி. பதிவேட்டிலும் முதல் கட்டம் வலது கண்ணுக்கு. இந்த இருபத்தெட்டு வருஷத்தில் அவள் எத்தனை ஆயிரம் இடது கண்களை மூடியிருப்பாளோ, கணக்கே கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், தொப்பூர்க் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு துப்பாக்கிச் சங்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். சுடுகிறவர்களுக்கெல்லாம் வருஷாந்திரக் கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்றார்கள். கைவிட்ட கல்குவாரி ஒன்றில் அவர்கள் சுடும் களம் வைத்திருந்தார்கள். மூன்று பக்கமும் பாறைச் சுவர். குண்டு தப்பிப் போக வழியில்லை. வேலை முடிந்ததும், துப்பாக்கிகளுக்குப் பொறுப்பான ஆரோக்கியராஜ் மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார், நீங்களும் ஒரு குண்டு சுட்டுப் பாருங்களேன் என்று. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பேச்சு குறைவு. சாலம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

துப்பாக்கியின் பின்பக்கம் ஒரு கறுப்பு வில்லை இருந்தது. வில்லை நடுவில் ஒரு துளை. சாலம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம கரண்டியைக் கொண்டுவந்து இங்கே மாட்டியிருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டு கண்ணை வைத்தாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. துளைக்குள்ளே, குழலின் நுனியில் ஒரு மெல்லிய வளையம். வளையத்துக்குள்ளே, ஐம்பது மீட்டருக்கு அப்பால், காகிதத்தில் ஒரு கறுப்பு வட்டம். வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம். நாற்பத்தைந்து வயதிலிருந்து ஊசியில் நூல் கோக்கவே கண்ணாடியைத் தேடுகிறவள் அவள். கிட்டே இருக்கிற வளையமும் எட்ட இருக்கிற வட்டமும் ஒரே நேரத்தில் கத்தரித்து வைத்ததுபோலத் தெரிந்தன. நடுவில் வை, நேராக்கு என்று யாரும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. கண் தானாகப் போய் நடுவில் உட்கார்ந்துகொண்டது. மூச்சை அடக்கினால் வளையம் மெல்ல எழும்பி எழும்பி அடங்கியது. அது தன் நெஞ்சுத் துடிப்பு என்று ஆரோக்கியராஜ் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. இத்தனை காலம் அடுத்தவர் கண்ணுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த ஒரு துளைக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று அவளுக்கு மெய் சிலிர்த்துவிட்டது.

தோட்டாவும் அவளுக்குப் பிடித்துப்போனது. சின்ன விரலில் பாதிகூட இல்லை. பெரிய தோட்டாக்களுக்கு அடிப்புறத்தின் நடுவில் தட்டினால்தான் வெடிக்கும். இந்தச் சின்ன ஜாதிக்கு விளிம்பில் ஒரு தட்டு போதும். தோளை உதைக்காது, காதைப் பிளக்காது. காகிதத்தில் பத்து மதிப்பெண் வட்டம் சுண்டுவிரல் நகத்தளவு. அவ்வளவு தூரத்திலிருந்து அந்த நகத்தைத் தொட்டுவிட்டு வர முடியும் என்பதே அவளுக்கு நம்ப முடியாத சங்கதியாக இருந்தது. அடுத்த மாதமே சங்கத்தில் சேர்ந்தாள். பாயில் குப்புறப் படுத்துச் சுடுவதற்காக, ஐம்பது வயதில், வாழ்க்கையில் முதல் சுடிதாரைத் தைத்துக்கொண்டாள்.

சங்கத்துத் துப்பாக்கி ஆள் மாற்றி ஆள் கைக்குப் போவது. தனக்கென்று ஒன்று வேண்டுமானால் கலெக்டர் அலுவலகத்தில் உரிமம் வாங்க வேண்டும். அதற்கு ஒன்றரை வருஷம் நடந்தாள். விசாரிக்க வந்த எஸ்.ஐ., காட்டுப்பன்னி விரட்டவா என்று கேட்டார். "இல்லீங்க, காகிதத்துல ஓட்ட போடறதுக்குங்க" என்றாள். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு, தனக்கும் கொஞ்ச நாளாகப் பேப்பர் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது என்றார். அவருக்கு எழுத்து அட்டையை மாட்டி, வலது கண்ணிலிருந்து ஆரம்பித்தாள்.

பங்குனியில் உரிமம் வந்தது. ஒரே ஒரு துப்பாக்கிக்கு அனுமதி. ஆறு மாதத்துக்குள் வாங்கி, அதன் எண்ணை உரிமத்தில் ஏற்றிவிட வேண்டும். ஏற்றிவிட்டால் சேலையைப் போல மாற்றிக்கொண்டு வர முடியாது.

சரியாக அந்தச் சமயம் பார்த்துத்தான் குறி கெட்டது. உண்மையைச் சொன்னால் முதலிலிருந்தே கொஞ்சம் கெட்டுக்கொண்டுதான் இருந்தது. பழகினால் சரியாகும் என்று அவள் நினைத்திருந்தாள். முதல் ஐந்தாறு குண்டு நன்றாகப் போகும். பிறகு கறுப்பு வட்டம் மெல்ல நழுவும், இரண்டாகப் பிரியும், மூடி வைத்த இடது கண்ணின் இமை துடிக்கும், நெற்றிப்பொட்டு வலிக்கும். காகிதத்தில் ஓட்டைகள் கோழி கிளறிய தானியம் போலச் சிதறிக் கிடக்கும். சாலம்மாள் தனக்குத் தானே அட்டையை மாட்டிச் சோதித்துக்கொண்டாள். வலது கண் சரி. இடது கண் சரி. தர்மபுரிக்குப் போய் மருந்து விட்டுக் கண்ணின் உள்ளேயும் பார்த்துக்கொண்டாள். அங்கேயும் ஒன்றுமில்லை என்றார்கள்.

ஒன்றுமில்லை என்பதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. துளை வழியாகவும் தெரியாவிட்டால் உள்ளே கோளாறு. இதை எத்தனை பேருக்கு அவளே சொல்லிச் சீட்டு எழுதியிருக்கிறாள். இப்போது அதே துளை அவளுக்கே தீர்ப்பு எழுதுகிறதோ? யாருக்கும் பிடிபடாத ஏதோ ஒன்று வலது கண்ணுக்குள் ஆரம்பித்துவிட்டதோ? கண் போனால் துப்பாக்கி மட்டும் இல்லை, வேலையும் போகும். கிருஷ்ணப்பனிடம்கூட அவள் இதைச் சொல்லவில்லை.

புரட்டாசி பிறந்தபோது மூன்று வாரம் மிச்சமிருந்தது. சேலத்து ஆயுதக் கடைக்காரர், விலைக்கு இருந்த துப்பாக்கிகளை ஞாயிற்றுக்கிழமை களத்துக்கே கொண்டுவந்து மேசையில் பரப்பினார். முதலாவது எளிமையானது. முனையில் ஒரு முள், பின்னால் ஒரு வெட்டு. வெட்டுக்கு நடுவில் முள்ளை நிறுத்திக் குறி பார்க்க வேண்டும். சின்ன வயசுக் கண்ணுக்குச் சரி. சாலம்மாளுக்கு வெட்டு புகைபோலத் தெரிந்தது. இரண்டாவது கனத்த குழல், பின்னால் துளை வில்லை. இதைத்தான் ஒன்றரை வருஷமாக மனதில் வைத்திருந்தாள். படுத்து ஆறு குண்டு சுட்டாள். ஏழாவதில் வட்டம் நழுவிவிட்டது. மூன்றாவதில் மேலே தொலைநோக்கி. அதற்குள் பார்த்தால் கறுப்பு வட்டம் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. உள்ளே இருப்பது ஒரே படம், ஒரே கோடு. வளையத்தை வட்டத்தோடு பொருத்துகிற வேலையே இல்லை.

"வயசுக்கு அதாங்கம்மா தோது" என்றார் ஆரோக்கியராஜ். சுற்றி நின்றவர்களும் அதையே சொன்னார்கள். நல்ல யோசனைதான். அதில் பார்ப்பதும் அதிசயமாகத்தான் இருந்தது, திரையில் படம் பார்ப்பதுபோல. ஆனால் அவள் எதற்காக இங்கே வந்தாளோ அந்தத் துளை அதில் இல்லை. தொலைநோக்கியை வாங்குவது, கண் போய்விட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுபோல அவளுக்குத் தோன்றியது.

மேசை ஓரத்தில் துணி சுற்றி நாலாவதாக ஒன்று கிடந்தது. அதை ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டாள். கடைக்காரர் சிரித்தார். "அது பீச்சாங்கைத் துப்பாக்கிங்க. வடக்க மாத்தலாகிப் போன ஒருத்தரு விட்டுட்டுப் போனது. ஆறு வருசமாச்சு, தொடறதுக்கு ஆளில்ல." துணியை விலக்கப் போன சாலம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். சின்ன வயதில் அவளும் பீச்சாங்கைக்காரிதான். சோற்றில் அந்தக் கையை வைக்கிறாள் என்று அவள் அம்மா சேலை முந்தானையால் அதை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் களியைப் பிசைந்து வைப்பாள். பள்ளிக்கூடத்தில் மிச்சத்தை வாத்தியார் பார்த்துக்கொண்டார். ஏழு வயதுக்குள் அது சரியாகிப் போன விஷயம். அவளே அதை மறந்திருந்தாள். அடுத்த ஞாயிறு வந்து தொலைநோக்கி வைத்ததையே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சித்தேரியில் முகாம். பள்ளிக்கூட வராந்தாவில் வரிசை. நாலாவதாக வந்தவர் தீர்த்தகிரி. சாமை விதைத்து, தேன் எடுத்துப் பிழைக்கிறவர், அறுபது இருக்கும். வலது கண்ணால் ஏழு வரி படித்தார், இடது கண்ணாலும் அதே ஏழு வரி. கடைசி வரிக்காக அவர் கையிலேயே கரண்டியைக் கொடுத்துத் துளை வழியாகப் பார்க்கச் சொன்னாள். அவர் அதை இடது கண்ணில் வைத்தார். வலது கண் முதலில் என்று சாலம்மாள் சொன்னாள். மாற்றி வைத்தார், இரண்டு எழுத்து படிப்பதற்குள் கரண்டி தானாக இடது கண்ணுக்குப் போயிருந்தது. மூன்றாவது தடவையும் அப்படியே ஆனபோது அவளுக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது.

"அது கூட வர்ற கண்ணுங்கம்மா" என்று வலது கண்ணைத் தொட்டுக் காட்டினார் தீர்த்தகிரி. "இதுதான் பாக்கற கண்ணு."

"ரெண்டுலயும் ஒரே மாரிதானுங்க தெரியுது உங்களுக்கு."

"தெரியுதுங்க. தெரியறது வேற, பாக்கறது வேறங்கம்மா. தேன் எந்தக் கெளையில இருக்குதுன்னு இந்தக் கண்ணுதான் போய்ப் பாக்கும். அது சும்மா கூட வரும்."

எப்படித் தெரியும் என்று கேட்டாள். அவர் இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல விரலை நீட்டி, எதிர்மேட்டில் தனியாக நின்ற மரத்தின் உச்சியைக் காட்டினார். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது விரலை உச்சியில் வைக்க வேண்டும். பிறகு ஒரு கண்ணை மூடிப் பார், மறு கண்ணை மூடிப் பார். பார்க்கிற கண் திறந்திருந்தால் விரல் மரத்திலேயே நிற்கும். கூட வருகிற கண் என்றால் விரல் துள்ளிவிடும். சொல்லிவிட்டு அவர், "உங்களுக்கு எந்தக் கண்ணுங்கம்மா?" என்று கேட்டார்.

இருபத்தெட்டு வருஷத்தில் அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. படித்த காலத்தில் புத்தகத்தில் ஒரு வரி வந்தது நினைவுக்கு வந்தது. பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை. அதனால் அவளும் யாரிடமும் கேட்டதில்லை. சாலம்மாள் வரிசையைக் காக்க வைத்துவிட்டு வராந்தா ஓரத்துக்குப் போய், விரலை நீட்டி மர உச்சியில் வைத்தாள். வழக்கப்படி இடது கண்ணை மூடினாள். விரல் மரத்தை விட்டு இடது பக்கம் துள்ளிப் போய் வெறும் வானத்தில் நின்றது. வலது கண்ணை மூடினாள். விரல் அசையவே இல்லை. மரத்தின் உச்சியில், கடைசி இலைமேல், அப்படியே இருந்தது.

அவள் நாலைந்து தடவை செய்து பார்த்தாள். கண்ணுக்குள் கோளாறு இல்லை. ஐம்பத்து மூன்று வருஷமாக ஒரு கண் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதை மூடி வைத்துவிட்டு, கூட வந்த கண்ணைப் போய்க் குறி கேட்டிருக்கிறாள். கையைக் கட்டிப்போட்டார்கள், கண்ணைக் கட்ட யாருக்கும் தோன்றவில்லை, அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்திருக்கிறது. பயம் போன நிம்மதியா, வேறு எதுவோ, அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டியைக் குனிந்து சரி செய்கிற சாக்கில் துடைத்துக்கொண்டு, அடுத்தவரைக் கூப்பிட்டாள். அன்றைக்கு வந்த எல்லோரையும் அந்த மரத்தைச் சுட்டிக்காட்டச் சொல்லி, பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் மறுபடி துப்பாக்கிகளை மேசையில் பரப்பியிருந்தார்; சாலம்மாள் நடந்ததை ஆரோக்கியராஜிடம் சொன்னாள். கண்ணு டாக்டரம்மாவுக்கே கண் பார்ப்பதா என்று விட்டுவிட்டேன் என்றார் அவர். மற்ற ஒவ்வொருவரிடமும் எது பார்க்கிற கண் என்று முதல் நாளே கேட்டிருக்கிறார். இவளிடம் மட்டும் கேட்கவில்லை. அவர் முகம் சுண்டிப் போயிருந்தது. அதற்கு வழி இருக்கிறது என்றும் உடனே சொன்னார்.

"இடது கண்ணுக்கு முன்னால ஒரு அட்டைய மாட்டிக்கலாங்கம்மா. நெறையப் பேரு அப்படித்தான் சுடறாங்க. ரெண்டாவது துப்பாக்கிய தாராளமா எடுத்துக்கலாம்."

தப்பான யோசனை இல்லை. அவள் ஆசைப்பட்ட துப்பாக்கி, அவள் ஆசைப்பட்ட துளை. சாலம்மாள் அதை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மேசையில் வைத்தாள்.

"இன்னும் எத்தன நாளைக்குங்க அந்தக் கண்ண மூடறது?" என்றாள்.

ஆரோக்கியராஜ் ஓரத்தில் கிடந்ததை எடுத்து, துணியை அவிழ்த்து, ஆறு வருஷத்துத் தூசியைத் துடைத்தார். இடது பக்கம் இருந்த, தோட்டா ஏற்றுகிற தாழ்ப்பாளை இழுத்து, உள்ளே குண்டு இல்லை என்று அவளுக்குக் காட்டினார். குழல் நுனியில் இருந்த வளையத்தைக் கழற்றி, வயதான கண்ணுக்குத் தோதாகச் சற்றுப் பெரிய வளையம் ஒன்றைப் போட்டார். அவள் பாயில் படுத்தாள். துப்பாக்கியைத் தாங்கிப் பிடிக்கிற தோல் வாரை வலது கையில் மாட்டினாள். கன்னம் துப்பாக்கிக் கட்டையில் பொருந்தி உட்கார்ந்தது. இதுவரை எந்தத் துப்பாக்கியும் அவளை அப்படி ஏற்றுக்கொண்டதில்லை. இடது கண்ணைத் துளையில் வைத்தாள். வலது கண்ணை மூடவில்லை. அது கூட வந்தது.

வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் வட்டம். எதுவும் நழுவவில்லை. வளையம் நெஞ்சுத் துடிப்புக்கு எழும்பி அடங்கியது, இரண்டு துடிப்புக்கு நடுவில் ஒரு கணம் உலகமே அசையாமல் நின்றது. சோறு தொடவும் எழுதவும் கூடாதென்று நாற்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாக ஒதுக்கி வைத்திருந்த கையின் சுட்டுவிரல், விசையை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று யாரும் சொல்லாமலே தெரிந்து வைத்திருந்தது. பத்துக் குண்டு. இமை துடிக்கவில்லை, நெற்றி வலிக்கவில்லை.

காகிதத்தை ஆரோக்கியராஜ்தான் போய் எடுத்து வந்தார். வருகிற வழியெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு குண்டு வெளியே போயிருந்தது. மற்ற எட்டும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கிழிசலாகக் கிடந்தன. ஒரு ரூபாய்க் காசை வைத்தால் மறைந்துவிடும். சாலம்மாள் காகிதத்தை வாங்கி, அந்தக் கிழிசலை இடது கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"என்னாங்கம்மா தெரியுது?" என்று கேட்டார் அவர்.

"பாக்கறேங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் வீடு வந்து சேர்ந்ததும் கிருஷ்ணப்பன் தட்டில் களியை வைத்துக் கீரைக் குழம்பை ஊற்றினார். சாலம்மாளுக்குப் பேச்சு நிற்கவில்லை. மரத்தைச் சொன்னாள், தீர்த்தகிரியைச் சொன்னாள், வட்டத்தைச் சொன்னாள், நடுவில் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த பயத்தையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே களியைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, வாயில் போட்டு விழுங்கினாள். எந்தக் கையால் என்று அவள் பார்க்கவில்லை. கிருஷ்ணப்பன் பார்த்தார். கல்யாணமாகி முப்பது வருஷமாக அவள் தட்டுக்கு இடது பக்கமே வைத்துப் பழகிய தண்ணீர்ச் சொம்பை எடுத்து, சத்தம் இல்லாமல் வலது பக்கம் மாற்றி வைத்துவிட்டு, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டார்.